ஆறுச்சாமியின் இடது இறக்கை

குரு சின்னவள், சீடர் பெரியவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தாடியும் கைத்தடியுமாக ஒருவரை நீங்கள் மனசுக்குள் உட்கார வைத்துவிடுவீர்கள்.

குருவின் பெயர் சுகந்தி. நாற்பதைத் தொடவில்லை. உடுமலைக்குக் கிழக்கே, ஓட்டம் நின்றுபோன ஒரு நூல் மில்லின் குடோனை வாடகைக்கு எடுத்து, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைச் சேர்த்துத் தன் கையாலேயே ஒரு விமானம் கட்டியவள். கட்டியதோடு விடவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த செம்மண் பாதையில் அதை ஓட்டி, மேலே போய், பத்திரமாக இறங்கியும் வந்தாள். அதனால் அந்தப் பக்கத்தில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லாம் சந்தேகம் கேட்க அவளிடம்தான் வருவார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

சீடர் சென்னியப்பன். அறுபதைத் தாண்டியவர். பம்ப்செட் உதிரிபாகக் கடையை மகளிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக் கார் ஷெட்டில் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். கார் தெருவில் நின்றது.

"இந்த வீட்டுல காரு வெயில்ல காயுது, தகரம் நிழல்ல தூங்குது" என்பாள் அவர் மனைவி மரகதம், போகிற வருகிறவர்களிடம்.

அது இரண்டு பேர் உட்காரும் விமானம். அதன் பாகங்களை இரண்டு பேர் சேர்ந்துதான் வாங்கினார்கள், சென்னியப்பனும் அவர் தம்பி ஆறுச்சாமியும். உடலும் வலது இறக்கையும் அண்ணன் பொறுப்பு. இடது இறக்கை தம்பி பொறுப்பு. தம்பி அதைப் பொள்ளாச்சியில் தன் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகை போட்டுக் கட்டினான்.

ஒரே இடத்தில் கட்டியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே அரை நாள் இருந்தால் சண்டை வந்துவிடும். சண்டை இல்லாமல் கட்டுவதற்கு இதுதான் வழி என்று இருவரும் சண்டை போட்டு முடிவு செய்தார்கள். பறக்கும்போது யார் இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவது என்ற சண்டை மட்டும் முடியவே இல்லை.

போன ஐப்பசியில் இறக்கையை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கி, மினி லாரியில் மெத்தை விரித்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான் ஆறுச்சாமி. "என் வேலை முடிஞ்சுதண்ணா. இனி உன்னோட சோம்பேறித்தனந்தான் பாக்கி" என்றான்.

கார்த்திகையில் ஆறுச்சாமி இல்லை.

தை பிறந்த பிறகுதான் சென்னியப்பன் ஷெட்டைத் திறந்தார். வலது இறக்கையைப் பூட்டிப் பார்த்தார். பூட்டிக்கொண்டது. இடது இறக்கையைத் தூக்கி வைத்தார். அது சேரவில்லை.

அடுத்த நாள் காலையில் குடோனுக்குப் போய் நின்றார்.

"ஏனுங்ணா, முகமே சரியில்ல?"

"ஒண்ணும் ஒண்ணும் சேர மாட்டேங்குதுங்க அம்மிணி. இறக்கையோட பின்பக்க நாக்கு இருக்குதில்லீங்க, அது உடம்புல இருக்கிற தாடைக்குள்ள போகணும். போக மாட்டேங்குது. ரெண்டு மில்லி இடிக்குது."

"வலது பக்கம்?"

"வெண்ணெயாட்டம் போச்சுங்க."

"ம்."

"கிளாம்ப் போட்டு இறுக்கி இழுத்தா வந்துருதுங்க. வந்த கையோட போல்ட்டைப் போட்டு முறுக்கிட்டா நின்னுக்கும். செய்யலாமுங்களா?"

சுகந்தி இரண்டு விரல் அகலத்தில் ஓர் அலுமினியத் துண்டை எடுத்து, மேஜையில் பூட்டிய வைஸின் இடுக்கியில் செங்குத்தாகக் கடித்து நிறுத்தினாள். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இரும்புக் கம்பி நின்றது.

"இந்தத் தகடு அந்தக் கம்பியத் தொடணும். கட்டைவிரலால தள்ளிப் பிடிங்க."

சென்னியப்பன் தள்ளினார். தொட்டது.

"சிரமமா இருக்குதுங்களா?"

"இதென்னங்க சிரமம்."

"அப்படியே பிடிச்சுட்டே இருங்க. டீ சொல்லிட்டு வர்றேன்."

போனாள். டீ வந்தது. அவர் இடது கையால் வாங்கிக் குடித்தார். சுகந்தி இஞ்சின் மூடியைத் துடைத்தாள். பிறகு தரையைப் பெருக்கினாள். பிறகு யாரிடமோ போனில் பெட்ரோல் கேன் பற்றிப் பேசினாள். சென்னியப்பனின் விரல் வெளுத்து, மணிக்கட்டு நடுங்கி, முழங்கை வரை நடுக்கம் ஏறியது.

"அம்மிணி…"

"பிடிச்சுட்டிருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு விரல் அவரைக் கேட்காமலே விட்டுவிட்டது. தகடு டிங்கென்று தன் இடத்துக்குப் போய் நின்றது.

"நீங்க விட்டுட்டீங்க" என்றாள் சுகந்தி. "போல்ட் விடுமா?"

"விடாதுங்க."

"போல்ட்டும் விடாது, மேல போனா காத்தும் விடாது. அப்ப எது விடும்?"

சென்னியப்பன் விரலைத் தேய்த்துக்கொண்டே தகட்டைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் திரும்பவும் வந்தார்.

"தாடையை அரத்தால தேச்சுக்கறேனுங்க. வழி பெருசானா நாக்கு தானா உள்ள போயிரும். இழுக்கற வேலையே இல்ல."

"தப்பு எதுலங்ணா? தாடையிலயா, நாக்குலயா?"

"தாடையிலதாங்க. நான் செஞ்சதுதான். என் தப்புதான்."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சுகந்தி தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, பார்க்கலாம்."

ஷெட்டுக்கு வெளியே வலது இறக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, நுனிக்கு ஒரு ஸ்டூல் முட்டு. அதன் மேல் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அதை வேகமாக எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"வா அம்மிணி" என்றாள் மரகதம். "நல்லா பாரு. பறக்கறதுன்னா பறக்கட்டும், இல்லீன்னா சொல்லு, இன்னொரு பக்கமும் கொடி கட்டிக்கறேன். இந்தக் காரு கறுத்துப்போயி எது டயரு எது பாடின்னே தெரியல."

சுகந்தி சிரித்துக்கொண்டே குண்டைத் தொங்கவிட்டாள். நூல் பிடித்தாள். மட்டம் வைத்தாள். உடலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தாடை அருகில் குனிந்தாள். அதில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இது?"

"அது வரைக்கும் தேய்க்கலாமுன்னு…"

அவள் கோட்டுக்கு மேல் விரலை வைத்தாள். "இவ்வளவு தேச்சா இதுல பிடிமானமே இருக்காதுங்ணா. தாடை சரியாத்தான் இருக்குது. உடம்பும் சரியாத்தான் இருக்குது."

இடது இறக்கை மூலையில், மரச்சட்டத்தின் மேல், பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது. சுகந்தி பெட்ஷீட்டை விலக்கினாள். தகடுகளைச் சேர்க்கும் ரிவிட் ஆணிகளின் வரிசையின் மேல் விரல் நுனியை வைத்து, அரிசியில் கல் பார்ப்பது போல மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு தலையும் ஒரே உயரம், ஒரே வட்டம். நாக்குக்குக் கிட்டே வந்ததும் விரல் நின்றது. அங்கே நாக்கின் மேல் உறுதிக்காக ஒரு சின்னத் தகடு பதித்திருந்தது. அந்தத் தகட்டின் ரிவிட்டுகள் மட்டும் சாய்ந்திருந்தன. ஒன்றுக்குத் தலை பாதிதான் இருந்தது. தகடே ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. இடித்த அந்த இரண்டு மில்லி அதுதான்.

"இது யாருங்க அடிச்சது?"

"நானுங்க."

"உங்க ரிவிட் எனக்குத் தெரியும்ணா. பயந்து பயந்து அடிப்பீங்க. ஒவ்வொண்ணும் உப்புன இட்லியாட்டம் இருக்கும்."

வாசலில் நின்ற மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது பயந்த கை இல்ல" என்றாள் சுகந்தி. "இது முடியாத கை."

மரகதத்தின் சிரிப்பு நின்றது.

சென்னியப்பன் அக்குளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"டயாலிசிஸ் முடிச்சுட்டு வந்து அடிப்பானுங்க. வேண்டாம்னா கேக்க மாட்டான். மாடிப்படிய உக்காந்து உக்காந்து ஏறுவானாம், அவன் பொண்டாட்டி சொன்னா. அந்த வரிசைதான் கடைசி."

"தப்பு எந்தப் பக்கம்னு மொத நாளே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் சரியா இருக்கிறதப் போயி தேய்க்கப் பார்த்தீங்க."

"ஆமாங்க."

"அந்தத் தகட்டக் கழட்டணும்ணா."

"அது மட்டும் முடியாதுங்க அம்மிணி. வேற என்ன சொன்னாலும் செய்யறேன். இந்த உடம்பையே பிரிச்சு மறுபடி கட்டச் சொன்னாலும் கட்டறேன். அவன் கை கடைசியாப் பட்டது அதுதானுங்க."

"அப்ப பறக்க முடியாது."

"பறக்காட்டிப் போகுது."

சுகந்தி குண்டின் நூலைச் சுற்றினாள். மரகதம் கொடுத்த மோரைக் குடித்தாள். சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

மாசி முழுக்கச் சென்னியப்பன் குடோன் பக்கம் போகவில்லை. ஷெட்டுக்கு மட்டும் போவார். வேலை ஒன்றும் செய்ய மாட்டார். சாயங்காலமானால் விமானத்துக்குள் ஏறி வலது பக்கச் சீட்டில் உட்காருவார். சண்டை போட ஆள் இல்லாததால் இடது பக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் கைப்பிடியை ஒரு பக்கம் சாய்ப்பார். வலது இறக்கையின் பின்னால் இருக்கும் பலகை மேலே ஏறும். மறுபக்கம் சாய்ப்பார். இறங்கும். இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவர் இருந்தது.

மேற்கே கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்ட நாட்களில் ஷெட்டுக்குள் காற்று நுழையும். இருக்கிற ஒற்றை இறக்கை லேசாகத் தூக்கிக் கொடுக்கும். ஸ்டூல் கிறீச்சிடும். அப்போதெல்லாம் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

மரகதம் இப்போது இறக்கையில் துணி போடுவதில்லை. கார் பற்றியும் பேசுவதில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லு" என்றார் ஒருநாள்.

"என்னத்தைச் சொல்ல? உங்க தம்பி எனக்கும் கொழுந்தன்தான்" என்றாள் அவள்.

பங்குனியில் அவர் மறுபடியும் குடோனுக்குப் போனார். சுகந்தி பறக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"கழட்டாம ஒரு வழி சொல்லுங்க அம்மிணி. ஒரே ஒரு வழி இருந்தாப் போதும்."

"மொதல்ல இந்த வண்டியத் தள்ளிக் குடுங்க."

இருவரும் சேர்ந்து விமானத்தை வெயிலுக்குத் தள்ளினார்கள். அவள் ஏறிக்கொண்டாள். புழுதி எழுந்தது. விமானம் ஓடி, ஒரு குதி குதித்து, மண்ணை விட்டது. தென்னந்தோப்புக்கு மேலே, காற்றாலைகளுக்கு மேலே, சின்னதாக, இன்னும் சின்னதாகப் போனது. ஒரு வட்டம் அடித்தது. மலைப்பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது. சத்தம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. பிறகு எங்கிருந்தோ திரும்ப வந்தது.

அவள் இறங்கி வந்தபோது சென்னியப்பன் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். வேட்டி முழுக்கச் செம்மண்.

"நிழல்ல உக்காந்திருக்கலாமில்லீங்ணா?"

"இல்லீங்க, இப்பத்தான் எந்திரிச்சேன்."

சொல்லும்போதே பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் குடிக்கும் வரை காத்திருந்தாள்.

"உங்க தம்பி அந்த இறக்கைய எதுக்குங்க கொண்டுவந்து குடுத்தாரு?"

"எதுக்குன்னா… பூட்டறதுக்குத்தானுங்க."

"ம்" என்றாள். இஞ்சின் மேல் துணியைப் போர்த்தப் போய்விட்டாள். 

இரண்டு நாள் கழித்து, காலையில், மரகதம் போன் செய்தாள். "அம்மிணி, உங்கண்ணன் டிரில்ல கையில வச்சுட்டு ஒரு மணி நேரமா இறக்கையைப் பார்த்துட்டு நிக்கிறாரு. நீ வந்தா ஆரம்பிப்பாருன்னு நினைக்கிறேன்."

சுகந்தி வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு புதுத் தகடு இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரில்லை அவர் கையிலிருந்து வாங்கவில்லை.

"தலையோட நடுவுல வைங்க. மண்டை மட்டும் வந்தாப் போதும், கீழ இருக்கிற சட்டத்தத் தொடக்கூடாது."

முதல் ரிவிட். டிரில் முனகியது. தலை கழன்று, டிரில் முனையிலேயே மோதிரம் போல மாட்டிக்கொண்டு சுற்றியது. சென்னியப்பன் டிரில்லை நிறுத்தி, அந்த வளையத்தை எடுத்து, மரகதம் நீட்டிய கிண்ணத்தில் போட்டார். ஊசிமுனைப் பஞ்ச் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்ட, மிச்சத் தண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

இரண்டாவது. மூன்றாவது. பாதித் தலை இருந்த ரிவிட் வந்தபோது டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

 தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். மரகதம் கிண்ணத்தை இன்னொரு கைக்கு மாற்றினாள். அவர் மறுபடி எடுத்தார்.

கடைசித் தண்டு விழுந்ததும் தகடு தானாகவே ஒரு பக்கம் நழுவியது. இவ்வளவு நாள் இழுத்துக் கட்டி வைத்திருந்தது போல. சென்னியப்பன் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இறக்கையில் இருந்த துளைகள் வட்டமாக, சேதமில்லாமல் இருந்தன. தகட்டில் இருந்தவை அப்படி இல்லை. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை போல நீண்டிருந்தது. ஓரங்களில் உருட்டு அரம் போட்ட கோடுகள். அவர் தகட்டை இறக்கையின் மேல் வைத்தார். கையில் திருப்பினார். மேல்பக்கம் கீழாக்கி மறுபடி வைத்தார். அரம் படாத பக்கத்து வளைவுகள் எல்லாம் துளைகளோடு அச்சாகப் பொருந்தின.

"தலைகீழா வச்சிருக்கான்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். மரகதம் பயந்து அவரைப் பார்த்தாள்.

"எத்தன தடவ எங்கிட்ட கத்தியிருப்பான் தெரியுங்களா அம்மிணி? போன்ல கத்துவான். 'சேரலீன்னா அடிக்காதண்ணா, திருப்பிப் போட்டுப் பாரு, திருப்பிப் போட்டுப் பாரு'ன்னு. என் வலது இறக்கை ஒழுங்கா வந்ததே அவன் கத்துனதாலதானுங்க. அவன் இதப் பார்க்காமயா இருந்திருப்பான்? துள சேரலீன்னு தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுட்டுத்தான் அரத்தப் போட்டு இழுத்திருக்கான். தெரிஞ்சுட்டுத்தான் அடிச்சிருக்கான்."

தகட்டை மேஜையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"கழட்டித் திருப்பிப் போட்டிருந்தா ஒரு நாள் வேல. ஒரே நாள். அந்த ஒரு நாள் அவன்கிட்ட இல்லீங்க."

சுகந்தி புதுத் தகட்டின் காகிதத்தைப் பிரித்தாள். அதை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"உங்ககிட்ட இருக்குதுங்ணா" என்றாள்.